பொய் சொன்ன கார்டு

மைக்கேல் சார் போனில் கூப்பிட்டபோது அக்சா அதை வழக்கமான வேலை என்றுதான் நினைத்தாள். கேமராவில் கார்டு கோளாறு. வாரத்துக்கு நான்கைந்து வீடுகளிலிருந்து இதே அழைப்பு வரும். கார்டைக் கழற்றித் துடைத்து, ஒரு தடவை ஃபார்மட் அடித்து மாட்டினால் சரியாகிவிடும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்கூட்டியில் அரைமணி நேரம், வேலை கால்மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடைக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் புதன்கிழமை காலையில் கிளம்பி வந்தாள்.

சார் வீடு மம்சாபுரம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு புதுக் குடியிருப்பில் இருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த மஞ்சள் பை. சாரின் மனைவி இரண்டு தடவை உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் அவள் வரவில்லை. வெயிலில் நின்றபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் ஆவுடையம்மாள் என்று சார் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். திங்கள்கிழமை மத்தியானம் மூன்று மணி வாக்கில், இதே வாசலுக்கு எதிரில், ஆவுடையம்மாளின் புருஷன் ஆவுடையப்பன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். மம்சாபுரத்துக்காரர், தென்னைமரம் ஏறுகிறவர். பின்னால் வந்த வெள்ளைக் கார் ஒன்று அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. சாரும் மனைவியும் உள்ளறையில் மின்விசிறிச் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தெருவே கதவடைத்துக் கிடந்த நேரம். மாடியில் துணி எடுக்க வந்த ஒரு பெண் மட்டும் கார் திரும்பிப் போவதைத் தூரத்தில் பார்த்திருக்கிறாள். நிறம் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆவுடையப்பனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, இப்போது மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வண்டி நம்பர் இல்லாமல் எதைத் தேட, அந்த வீட்டு வாசலில் கேமரா இருக்கிறதே, அதில் உள்ளதைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“நானும் ஆப்ல போய்ப் பாத்தேம்மா. திங்கக்கிழமை மூணு மணிக்கு நேரே கோடு காட்டுது. தொட்டா ஒண்ணுமே வரல. கார்டு எர்ரர்னு சொல்லுது” என்றார் சார்.

“கோடு காட்டுதுன்னா பதிஞ்சிருக்கு சார். எடுத்துரலாம்” என்றாள் அக்சா. கேட்டுக்கு வெளியே நின்றவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

ஏணி வைத்து ஏறிக் கார்டைக் கழற்றினாள். நகக்கண் அளவு கறுப்புத் தகடு. மேலே வெள்ளை எழுத்தில் நூற்றிருபத்தெட்டு ஜி.பி. என்று போட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளே மாட்டியது. வராந்தாவில் லேப்டாப்பைத் திறந்து, கார்டில் உள்ளதை எல்லாம் முதலில் அப்படியே நகல் எடுத்துக்கொண்டாள். தேதி வாரியாக ஆயிரக்கணக்கான கோப்புகள் வரிசையில் நின்றன. திங்கள்கிழமையின் கோப்பும் இருந்தது. நேரம் சரி, அளவு சரி. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பூஜ்யங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோப்பும் அப்படித்தான். போன மாதத்துக் கோப்பும் அப்படித்தான். பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். மாட்டிய நாளிலிருந்து முதல் எட்டு நாள் மட்டும் படம் ஓடியது.

அந்த முதல் கோப்பில் தெரிந்தது அவள் முகம்தான். ஏணியில் நின்று லென்சைத் துடைத்துவிட்டு, கேமராவுக்கு மிக நெருக்கத்தில் சிரித்தபடி, சார், இப்ப கேட் பக்கமா நடந்து காட்டுங்க, நல்லா விழுதான்னு பாப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்சா லேப்டாப்பின் சத்தத்தைக் குறைத்தாள்.

அவளுக்குச் சந்தேகம் அப்போதுதான் வந்தது. கார்டின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஏற்றி வைத்தது. கடைக்கு வந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. ஓடவிட்டாள். சில நிமிடங்களில் விடை வந்தது. கார்டு நூற்றிருபத்தெட்டு அல்ல. எட்டுகூட முழுதாக இல்லை, ஏழே முக்கால். அட்டையில் இருநூறு பக்கம் என்று அச்சடித்து உள்ளே பத்துத் தாள் வைத்துத் தைத்த நோட்டு மாதிரி அது. கேமரா நம்பி எழுதிக்கொண்டே போயிருக்கிறது. தாள் தீர்ந்த பிறகும் வாங்கிக்கொண்டேன், வாங்கிக்கொண்டேன் என்று கார்டு பதில் சொல்லியிருக்கிறது. எழுதியது எங்கேயும் நிற்கவில்லை. அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி அவள் வைத்திருந்ததால் அந்த ஏழே முக்கால் எட்டு நாள் தாங்கியிருக்கிறது.

ஃபார்மட் அடித்தால் ஏன் சரியாகிறது என்பதும் அந்த நிமிடம் விளங்கிவிட்டது. பத்துத் தாளும் மறுபடி வெற்றுத் தாளாகிவிடும். ஒரு வாரத்துக்குப் படம் ஓடும். அதற்குள் அவள் சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டிருப்பாள். எத்தனை வீடுகள். இந்த அழைப்புகள் வரத் தொடங்கிய ஆறு மாதத்தில் எத்தனை வீட்டு வாசலில் நின்று, வோல்டேஜ் ஏறி இறங்குதுல்லா, அதான் கார்டு இப்படி மக்கர் பண்ணுது என்று கூசாமல் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்லச் சொன்னது அவளுடைய முதலாளி விக்னேஷ்வரன். அவர் சொன்னதை உண்மை என்று நம்பித்தான் சொன்னாள். அது இப்போது ஒரு சமாதானமாகவே தோன்றவில்லை.

ஆவுடையம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வராந்தாப் படி வரைக்கும் வந்துவிட்டாள். கிடைச்சிருச்சா தாயி என்று கேட்டாள்.

உண்மை வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக அக்சா சொன்னது கடையில் வேறு மெஷின் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ப் பார்க்கிறேன், நாளைக்குக் காலையில் வருகிறேன் என்பதுதான். அப்படி மெஷின் எதுவும் கடையில் கிடையாது. ஆவுடையம்மாள் தலையை ஆட்டினாள். மதுரைக்குப் போய்விட்டுக் காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். அவள் நம்பிவிட்டது அக்சாவைக் குத்தியது.

ராஜபாளையம் வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் பற்களைக் கடித்துக்கொண்டு வந்தாள். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு லாரிக்காரன் ஒலி எழுப்பி எழுப்பித் திட்டிவிட்டுப் போனான். அவளுக்கு அது காதில் விழவே இல்லை.

கடையில் விக்னேஷ்வரன் ஒரு மில் அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். அக்சா யாரையும் கேட்காமல் ஷெல்ஃபிலிருந்து சீல் பிரிக்காத கார்டுகள் பத்தை எடுத்தாள். பின் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். முதல் கார்டு ஏழே முக்கால். இரண்டாவதும் அதேதான். மூன்றாவது நான்குகூட இல்லை. பத்தில் ஒன்பது பொய். மிச்சமிருந்த ஒன்று எப்படி நல்லதாக அதில் கலந்தது என்று தெரியவில்லை.

மில் அதிகாரி போனதும் பத்தையும் அவர் முன்னால் கொட்டினாள்.

விக்னேஷ்வரன் கெட்ட மனுஷர் என்று யாராவது நேற்றுச் சொல்லியிருந்தால் அக்சா சண்டைக்குப் போயிருப்பாள். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கேட்டு அலைந்த நாட்களில் மற்றக் கடைக்காரர்கள், பொம்பளைப் பிள்ளை ஏணியில் ஏறுவியா என்று சிரித்து அனுப்பியபோது, ஏறத் தெரியுமா, சரி நாளைக்கு வா என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது பத்து நாள் லீவு கொடுத்தார். அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் இரண்டு மடங்காக இருந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி டப்பாவில் போட்டார்.

“உங்களுக்குத் தெரியுமாண்ணே?” என்றாள்.

“தெரியும், தெரியாதுன்னு என்ன இருக்கு. கார்டுல நூத்தி இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு, கேமராவும் நூத்தி இருபத்தெட்டுன்னு காட்டுது. நான் அத வாங்கி விக்கேன்.”

“நான் சோதிச்சுட்டுத்தான் வந்து நிக்கேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலில் கோபமே இல்லை. விவரம் தெரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோல் பேசினார். “அக்சா, கேமரா மாட்டுறவன் எவனும் ரெக்கார்டிங் பாக்க மாட்டான். வாசல்ல கேமரா தொங்குதுன்னா திருடன் வரமாட்டான். அதுக்குத்தான் அவன் மாட்டுதான். உள்ள கார்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. நூறு வீட்ல ஒரு வீட்ல இப்படி ஒண்ணு நடக்கும். வோல்டேஜ்ல கார்டு போயிருச்சுன்னு சொல்லிட்டுப் புதுசா ஒண்ணு ஃப்ரீயாப் போட்டுக் குடுத்துட்டு வா.”

“அதுவும் இதே கார்டுதான?”

அவர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

“அந்த ஆளுக்குக் கால் போயிருச்சுண்ணே. மரம் ஏறுறவரு.”

“அடிச்சது நானா?” என்றார். பிறகு சர்வீஸ் சீட்டுப் புத்தகத்தை இழுத்து, மைக்கேல் சார் வீட்டுத் தாளைப் புரட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தார். “இன்ஸ்டால் பண்ணினது யாருன்னு பாரு. சரிபார்த்துக் கொடுத்தேன்னு யாரு கையெழுத்து இருக்குன்னு பாரு. போலீஸ், கோர்ட்டுன்னு போனா மொதல்ல உன்னத்தான் கேப்பான்.”

கையெழுத்து அவளுடையதுதான். நன்றாக, அழகாக, ஆங்கிலத்தில் போட்டிருந்தாள்.

அக்சா தன் போனில் அந்தத் தாளைப் படம் எடுத்தாள். கடைச் சாவியையும் அடையாள அட்டையையும் மேஜையில் வைத்தாள். நின்று கத்த வேண்டும் போல இருந்தது. தெருவே கூடுகிற மாதிரி கத்த வேண்டும். ஆனால் வாய் திறந்தால் அழுகைதான் வரும், அதை இந்த ஆள் முன்னால் செய்யக்கூடாது என்று வெளியே வந்துவிட்டாள். விக்னேஷ்வரன் பின்னாலிருந்து, ரெண்டு நாள் கழிச்சு வா, பொறவு பேசிக்கிடலாம் என்றார். ஏதோ சின்னப் பிணக்கு என்பதுபோல.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மைக்கேல் சார் வீட்டில் இருந்தாள். ஆவுடையம்மாளும் வந்துவிட்டிருந்தாள். மதுரையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். நேற்றைய அதே சேலை. அக்சா இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. கார்டு பொய்க் கார்டு, அதில் ஒன்றுமே பதியவில்லை, பதிவதற்கு அதில் இடமே கிடையாது, நேற்று எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லத் தைரியம் இல்லாமல் போனேன் என்றாள்.

சார் முகம் சிவந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு பையனைக்கூடக் கைநீட்டி அடிக்காதவர் என்று பெயர் வாங்கிய மனுஷர், மேஜையில் ஓங்கி அடித்தார். மூணு மாசமா இந்த வெறும் டப்பாவுக்குக் கீழ நானும் என் வீட்டுக்காரியும் நிம்மதியாத் தூங்கியிருக்கோம் என்றார்.

ஆவுடையம்மாள் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “இத யாரு மாட்டுனது?”

“நான்தாங்க்கா.”

“பாத்துத்தான் மாட்டுனியா?”

“இல்லக்கா. பாக்கல.”

“அவரு மரத்துல ஏறுமுன்ன வடத்த மூணு தடவ இழுத்துப் பாப்பாரு. தெனமும் அதே வடந்தான், இருந்தாலும் இழுத்துப் பாப்பாரு. நீ படிச்ச பிள்ள. ஒரு தடவ இழுத்துப் பாக்க ஒனக்குக் கை வரலையா?”

அதில் வசவு எதுவும் இல்லை. வசவாக இருந்திருந்தால் அக்சாவுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் படியில் நின்றபடி கேட்டுக்கொண்டாள். ஆவுடையம்மாள் மேலும் சொன்னாள். அவருக்கு நினைவு இருந்ததாம். கார்க்காரன் இறங்கி வந்தானாம். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தானாம். இவர் தண்ணி கேட்டிருக்கிறார். அவன் நிமிர்ந்து தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் நேற்று ராத்திரியும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கால் வலியை விட அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

“தெருவுல கேமரா இருக்குன்னு அவன் பாத்திருப்பான்ல. பாத்தும் போயிருக்கான்” என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்சா படியிறங்கித் தெருவுக்குப் போனாள். அந்தத் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் கேமரா இருந்தது. மூன்றை அவளே மாட்டியிருந்தாள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி விஷயத்தைச் சொல்லிக் கார்டைக் கழற்றிப் பார்த்தாள். மூன்றும் பொய். நான்காவது வேறு கடைக்காரர் மாட்டியது. கார்டு நல்ல கார்டு, ஆனால் கேமரா அந்த வீட்டுக் கார் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து கண்கள் தொங்கும் தெருவில் ஒரு கண்ணுக்குக்கூட எதுவும் தெரியவில்லை. அவற்றில் நான்கைக் குருடாக்கியது தன் கைதான் என்று நினைக்கும்போது அவளுக்கு ஏணியை எடுத்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்கலாம் போல இருந்தது.

சார் வீட்டு வாசலில் ஒரு பசு வந்து நின்று கேட் கம்பியில் கழுத்தைத் தேய்த்தது. அவர் மனைவி அதை விரட்டிக்கொண்டே சொன்னார், இந்த மாடு வந்தாலே போன் டிங்கு டிங்குன்னு அடிச்சு உயிர வாங்கும், நீதாம்மா வந்து அத நிறுத்திக் குடுத்த என்று.

அக்சா நின்றுவிட்டாள்.

ஆள் அசைந்தால், மாடு அசைந்தால், கேமரா ஒரு படம் எடுத்துப் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். அந்தப் படம் கார்டுக்குப் போவதில்லை. கேமரா கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து போனுக்கு வரும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் நிறுத்திக் கொடுத்தது போனின் சத்தத்தை மட்டும்தான். படங்கள் ஆப்புக்குள் வந்து குவிந்துகொண்டுதான் இருக்கும். மூன்று நாள் இருக்கும். அதன் பிறகு தானாக அழிந்துவிடும். திங்கள் மூன்று மணி. இன்று வியாழன், மணி பதினொன்றே முக்கால்.

நேற்றே இது தோன்றியிருக்க வேண்டும். நேற்று இதே வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் நிதானமாக யோசித்திருந்தால் தோன்றியிருக்கும். விக்னேஷ்வரன் சட்டையைப் பிடிக்கப் போகும் வேகத்தில் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறாள். இன்று தான் இங்கே வராமல் இருந்திருந்தால், பசு வராமல் இருந்திருந்தால், மூன்று மணிக்கு எல்லாம் போயிருக்கும்.

சாரின் போனை வாங்கித் திறந்தாள். நூற்றுக்கணக்கான படங்கள். மாடு, நாய், பால்காரர், மறுபடி மாடு. திங்கள்கிழமைக்கு விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். அவசரத்தில் இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டாள். மூன்று மணி ஒன்பது நிமிடத்தில் ஒரு படம். சைக்கிளின் முன்சக்கரம் மட்டும். அடுத்தது மூன்று மணி பத்து.

தரையில் ஒரு மனிதர் கிடந்தார். ஒரு கை மேலே நீண்டிருந்தது. அவர் பக்கத்தில் இன்னொருவன் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றான். நீலச் சட்டை, கையில் கடிகாரம், பாதி முகம் தெளிவாக இருந்தது. அவனுக்குப் பின்னால் வெள்ளைக் காரின் முன்பக்கம். நம்பர் பலகையின் ஒரு பாதியை அவன் கால் மறைத்திருந்தது. கடைசி மூன்று எண்கள் தெரிந்தன.

அக்சா அதை ஆவுடையம்மாளிடம் காட்டினாள். அவள் காரைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்க்கவில்லை. நீண்டிருந்த அந்தக் கையை மட்டும் பார்த்தாள். “தண்ணிதான் கேக்காக அவிய” என்றாள். பிறகு போனை அக்சாவிடமே கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

படத்தை நான்கு இடத்தில் சேமித்து வைத்தாள் அக்சா. மூன்று பேருமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள். படம் எப்படிக் கிடைத்தது, கார்டில் ஏன் இல்லை என்று அங்கே கேட்டதற்கு, அவள் தன் பெயரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தாள். கார்டை மாட்டியவள் நான், சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான், கார்டு இந்தக் கடையில் வாங்கியது, கடையில் இருந்த பத்தில் ஒன்பது பொய் என்று. எழுதும்போது சார் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார்.

ஒன்பதாம் நாள் கார் கிடைத்தது. செட்டியார்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முகப்பு விளக்கு மாற்ற விட்டிருந்தது. காரை ஓட்டியவன் நூல் கமிஷன் வியாபாரம் செய்கிறவன். அந்தத் தெருவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். ஸ்டேஷனில் அவன் கூடவே இரண்டு பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். பதட்டத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் போய்விட்டேன், நானும் பிள்ளைகுட்டிக்காரன் என்றான். ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் பார்த்துக்கொள்கிறோம், கேஸ் வேண்டாம் என்று உடன் வந்தவர்கள் ஆவுடையம்மாளிடம் பேசினார்கள்.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக் கேட்டாள். “தண்ணியாவது குடுத்துட்டு ஓடிருக்கலாம்ல? வண்டியில பாட்டில் இருந்திருக்கும்ல?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கேஸைத் திரும்ப வாங்கவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது அக்சா, அண்ணன் எப்படி இருக்காக, நான் வந்து பாக்கட்டுமா என்று கேட்டாள். ஆவுடையம்மாள் கொஞ்சம் யோசித்தாள். இப்ப வேண்டாம் தாயி என்று சொல்லிவிட்டு மம்சாபுரம் பஸ்ஸில் ஏறிப் போனாள். ஆவுடையப்பன் பிழைத்துக்கொண்டார். இனி நடப்பார், ஆனால் மரம் ஏறமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அக்சாவிடம் வீட்டு முகவரிகள் இருந்தன. மாட்டப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் வழி கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கிய இடக்குறிகள் போனில் அழியாமல் கிடந்தன. அறுபத்து மூன்று. ராஜபாளையத்தில் பாதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதி, வத்திராயிருப்பில் மாந்தோப்புக்குள் இரண்டு. ஒவ்வொன்றாகப் போனாள். ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட அம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கதவு திறந்தவர்களிடம் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: உங்க கேமரா எதையும் பதியல, நான்தான் மாட்டுனேன், சோதிச்சுக் காட்டுறேன், புகார் எழுத விருப்பம்னா இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க. விருதுநகர் நுகர்வோர் ஆணையத்துக்கு மைக்கேல் சார் எழுதிக் கொடுத்த புகார் அது. எதிர்த்தரப்பில் கடையின் பெயரோடு, கேமரா பொருத்தியவர் என்று தன் பெயரையும் போடச் சொல்லி அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

எல்லா வீட்டிலும் நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அன்னைக்கு வாங்குன துட்டத் திருப்பிக் குடு மொதல்ல என்றார் ஒருவர். இன்னொரு வீட்டில் அவளைத் திருடி என்றார்கள். கடையில சம்பளத் தகராறு, அதான் முதலாளி மேல பழி போடுதா என்று விக்னேஷ்வரன் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லி வைத்திருந்தார். செல்வலட்சுமி என்ற ஒரு அம்மா மட்டும், போன வருஷம் தன் மாமியார் படியில் விழுந்து இறந்ததற்கு முந்தின நாள் படம் கார்டில் இருக்கும், அதையாவது எடுத்துக் கொடு என்று கேட்டார். அக்சா எடுத்துப் பார்த்தாள். இல்லை. அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அக்சா அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.

அறுபத்து மூன்றில் ஐம்பத்தொன்று பொய். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். விக்னேஷ்வரனுக்கு ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. வந்த வாரத்தில் அவர் கடையைப் பூட்டினார். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில், மைத்துனர் பெயரில், வேறு பலகையோடு திறந்தார். திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டி, கேமரா வாங்கினால் நூற்றிருபத்தெட்டு ஜி.பி. கார்டு இலவசம் என்று வாசலில் பேனர் வைத்திருந்தார்.

அக்சா அந்தப் பேனரை சங்கரன்கோவில் முக்கில் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குப் போய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். விக்னேஷ்வரன் அவளைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, என்ன அக்சா, மறுபடி வேலைக்கு வாரியா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

“கார்டு ஒண்ணு வேணும்ணே” என்றாள். காசு எடுத்து வைத்தாள்.

அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தார். அக்சா கல்லாவுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். சீலைப் பிரித்துக் கார்டைச் செருகினாள். திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டு, இது என்ன சோதனை, எதற்கு என்று தான் படித்த பாடத்தைச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி விளக்கினாள்.  

வெளிய போம்மா, கடைக்குள்ள வந்து கலாட்டா பண்ணாத என்றார் விக்னேஷ்வரன். யாரும் நகரவில்லை. மகளோடு வந்திருந்த ஒரு பெரியவர், இருப்பா, அந்தப் பிள்ள காசு குடுத்து வாங்குன கார்டுதான, பாக்கட்டும் என்றார்.

சில நிமிடங்கள் கழித்துத் திரையில் எண் வந்தது. ஏழே முக்கால்.

பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தார். கையில் வைத்திருந்த கேமராப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

அக்சா லேப்டாப்பை மூடவில்லை. இன்னொரு கார்டுக்கான காசை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

“அடுத்தத எடுங்கண்ணே” என்றாள்.